படிவம் 4 பிள்ளைங்கள பயோடெக் லேபுக்கு கூட்டிட்டுப் போறது பிரயோஜனமா?

வணக்கம் டீச்சர். நீங்க கேட்டத முதல்ல மத்தவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு இடைநிலைப்பள்ளி, படிவம் 4 பயோலஜி பிள்ளைங்க 36 பேரு, பாதிக்கு மேல தோட்டத்துப் பிள்ளைங்க. ஒரு பல்கலைக்கழகம் அரை நாள் பயோடெக் லேப் ப்ரோக்ராம் தர்றேன்னு சொல்லுது, பஸ் செலவ பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பாக்கணும், சில பெற்றோர் அந்தக் காசுக்கு எஸ்பிஎம் பரீட்சைக்கு (படிவம் 5ல எழுதற அரசாங்கப் பரீட்சை) டியூஷன் வைக்கலாமேங்கறாங்க. போறது பிரயோஜனமா, போனா எந்த பரிசோதனை செய்யச் சொல்றது, முன்னாடி என்ன தயார் பண்றது. இதுதான் கேள்வி.

போங்க டீச்சர். ஆனா ஒரே ஒரு கண்டிஷன், ஒவ்வொரு பிள்ளையும் பைப்பெட்ட (துளி அளவு திரவத்த அளந்து எடுத்து விடற கருவி) கையில பிடிச்சு செய்யணும். அது இல்லன்னா பஸ் காச மிச்சம் பண்ணி டியூஷனே வைங்க, பெற்றோர் சொல்றதுல தப்பே இல்ல.

ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றேன்னா நான் லயத்து வீட்டுல வளந்தவன், அம்மா பால்மரம் வெட்டுனாங்க, இப்ப 17 வருசமா மாணவர் லேப்ல உதவியாளரா இருக்கேன், பள்ளிப் பிள்ளைங்க எத்தனையோ பேரு வந்து போறத கிட்ட இருந்து பாத்துட்டேன். நான் படிவம் 4 படிக்கும்போது எங்களையும் ஒரு லேபுக்கு கூட்டிட்டுப் போனாங்க. பேரு வேணாம். 80 பேரு ரெண்டு பஸ்ல போனோம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையா நின்னோம், அந்தப் பக்கம் வெள்ளை கோட்டு போட்டவங்க என்னமோ செஞ்சிட்டு இருந்தாங்க, ஒருத்தர் மைக்குல பேசினாரு, முடிஞ்சதும் ஒரு பேப்பரும் நாசி லெமாக் பொட்டலமும் கொடுத்து அனுப்பிட்டாங்க. திரும்பி வர்ற வழியில பஸ்ல யாருமே லேப பத்தி பேசல. எனக்கு அன்னிக்கு மனசுல பதிஞ்சது ஒன்னுதான், அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போறவங்க வேற ஆளுங்க, நாம இல்லன்னு. அத மாத்திக்க எனக்கு ரொம்ப வருசம் ஆச்சு. உங்க பிள்ளைங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

அதனால லேபுக்கு போன் பண்ணும்போது "என்ன காட்டுவீங்க"ன்னு கேக்காதீங்க. "எங்க பிள்ளைங்க என்ன செய்வாங்க, ஒரு பைப்பெட்டுக்கு எத்தனை பேரு, ஒரு ஜெல்லுக்கு எத்தனை பேரு"ன்னு கேளுங்க. ரெண்டு பேருக்கு ஒரு பைப்பெட், மாத்தி மாத்தி பிடிக்கலாம், அது நல்லது. நாலு பேருக்கு ஒன்னுன்னா தைரியமா இருக்கற ஒருத்தர் பிடிப்பாரு, மத்த மூணு பேரு வேடிக்கை பாப்பாங்க, வேடிக்கை பாக்கறது பெரும்பாலும் நம்ம பிள்ளைங்களா இருக்கும், அதுவும் பொம்பளப் பிள்ளைங்க. 36 பேரையும் ஒரே நேரத்துல லேபுக்குள்ள விடாதீங்க. 18, 18ஆ பிரிச்சு ஒரு குரூப் லேப்ல இருக்கும்போது இன்னொரு குரூப்புக்கு வேற வேலை கொடுங்க. அந்த வேற வேலை என்னன்னு பின்னாடி சொல்றேன், அது நம்ம தோட்டத்துலயே இருக்கு.

பள்ளிப் பிள்ளைங்கள லேபுக்குள்ள விட்டு கையால செய்ய வைக்கறது புதுசும் இல்ல. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்ங்கற ஆராய்ச்சிக்கூடம் 1988லயே பள்ளிப் பிள்ளைங்களுக்காக தனியா ஒரு டிஎன்ஏ கற்றல் மையம் திறந்துட்டாங்க. பிள்ளைங்க பஸ்ல வந்து இறங்குவாங்க, சொந்தக் கையால செஞ்சுட்டுப் போவாங்க. நம்ம பிள்ளைங்களும் அப்படி செய்யலாம்.

இப்ப எந்த பரிசோதனைங்கறதுக்கு வர்றேன். லேப்காரங்க பெரும்பாலும் நாலு விஷயத்துல ஒன்னத்தான் தருவாங்க: பழத்துல டிஎன்ஏ எடுக்கறது, ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ் (ஜெல்லுல கரண்ட் விட்டு டிஎன்ஏ துண்டுகள அளவு வாரியா பிரிக்கறது), பாக்டீரியாவ ஒளிர வைக்கறது, பிசிஆர் (டிஎன்ஏவோட ஒரு பகுதிய மெஷின்ல பல மடங்கா நகல் எடுக்கறது). பிள்ளைங்க கண்ணுக்கு பாக்டீரியா ஒளிர்றதுதான் அழகு. ஜெல்லிமீன்ல இருந்து எடுத்த பச்சை ஒளி புரதத்தோட ஜீன இ.கோலை பாக்டீரியாவுக்குள்ள விட்டு, 42 டிகிரி சூட்டுல 50 செகண்டு வச்சு, மறுபடி ஐஸ்ல வச்சு, தட்டுல பரப்பி, அப்புறம் யூவி விளக்கு காட்டினா பச்சையா மின்னும், 2008ல வேதியியல் நோபல் பரிசு கிடைச்சதே இந்தப் புரதத்துக்குத்தான். ஆனா ஒரு விஷயத்த விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. பாக்டீரியா வளர ஒரு ராத்திரி ஆகும். உங்க பிள்ளைங்க மத்தியானம் பஸ் ஏறிடுவாங்க, தட்டு மறுநாள்தான் மின்னும், அவங்க பாக்கப்போறது வாட்ஸாப்புல வர்ற போட்டோதான். ரெண்டு தடவ போக முடிஞ்சா மட்டும் இத எடுங்க. பிசிஆரும் இதே கதைதான், மெஷின் ஓட மட்டும் ஒன்றரை ரெண்டு மணி நேரம் ஆகும், அரை நாள் ப்ரோக்ராம்ல லேப்காரங்க முன்னாடியே செஞ்சு வச்சத எடுத்துக் கொடுப்பாங்க. அது தப்பில்ல, ஆனா அத பிள்ளைங்ககிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க.

அரை நாளுக்கு ஏத்தது ஜெல்தான். கண்ணு முன்னாடி ஓடும், முக்கால் மணி நேரத்துல முடியும், தப்பு பண்ணா தப்பும் கண்ணுக்கு தெரியும். நடக்கறது ரொம்ப எளிமை. டிஎன்ஏவுக்கு நெகட்டிவ் சார்ஜ், அதனால கரண்ட் விட்டா பாசிட்டிவ் பக்கம், அதாவது சிவப்பு ஒயர் பக்கம் ஓடும். நடுவுல ஜெல்லு வலை மாதிரி இருக்கும், சின்ன துண்டு சுலபமா நுழைஞ்சு தூரமா போயிடும், பெரிய துண்டு பின்தங்கிடும், அவ்வளவுதான். லேப்ல அதிகமா கொடுக்கறது லாம்டாங்கற வைரஸோட டிஎன்ஏ, மொத்தம் 48,502 எழுத்து, அத என்சைமால வெட்டி வச்சிருப்பாங்க, ஒவ்வொரு என்சைமும் வேற வேற இடத்துல வெட்டும், அதனால ஒவ்வொரு பாதையிலயும் (ஜெல்லுல ஒரு குழியில இருந்து நேரா ஓடற தடம்) கோடு வேற மாதிரி விழும். கரண்ட் ஓடுதான்னு எப்படி தெரியும்னு பிள்ளைங்கள கேளுங்க, பதில் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் குனிஞ்சு பாத்துட்டு ஒரு பிள்ளையாவது "சார், ஓரத்துல முட்டை முட்டையா வருது"ன்னு சொல்லும். அந்த காத்து முட்டை, அதாவது குமிழி, ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் ஆக்சிஜன், ஹைட்ரஜன் பக்கம் அதிகமா வரும், கெமிஸ்ட்ரி பாடமும் அங்கயே வந்துடும்.

போன வருசம் வந்த ஒரு பையன் ஜெல் குழியில டிஎன்ஏ விடும்போது பைப்பெட் நுனிய ரொம்ப அழுத்தி குழியோட அடிய ஓட்டை போட்டுட்டான். எல்லார் பாதையிலயும் கோடு தெரியுது, அவன் பாதை மட்டும் காலி. முகம் அப்படியே சுருங்கிடுச்சு. நான் ஒன்னும் சொல்லல, ஜெல்ல கையில எடுத்து குழிய மேல இருந்து இல்லாம சைடுல இருந்து பாக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "அங்கிள், அடியில போயிடுச்சு, அது ஜெல்லுக்கு கீழ ஓடியிருக்கும்"னான். சரியான பதில் அதுதான். அன்னிக்கு அந்த 20 பேர்ல ஜெல்ல பத்தி நல்லா புரிஞ்சுக்கிட்டது அவன்தான்னு எனக்குத் தோணுது. அதனால லேப்காரங்ககிட்ட சொல்லிடுங்க, பிள்ளைங்க தப்பு பண்ணா ஓடி வந்து பைப்பெட்ட பிடுங்காதீங்க, காலியா வந்த பாதை காலியாவே இருக்கட்டும், ஏன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்.

ஆனா தயார் பண்ணாம போனா அந்த அரை நாள்ல பாதி பைப்பெட்ட எப்படி பிடிக்கறதுன்னு சொல்றதுலயே போயிடும். இத முன்னாடியே பள்ளியில செஞ்சுடலாம், செலவே இல்ல. லேப்ல பயன்படுத்தற அகரோஸ்ங்கறது நாம தீபாவளிக்கு செய்யற அகார்-அகார்ல இருந்து சுத்தம் பண்ணி எடுக்கறதுதான், ரெண்டுமே கடல்பாசி. அகார்-அகார கெட்டியா காய்ச்சி தட்டையான டப்பாவுல ஊத்துங்க, சூடா இருக்கும்போதே ஒரு பழைய சீப்ப, பல்லு ஒன்னு விட்டு ஒன்னு உடைச்சுட்டு, அடியத் தொடாம நிக்க வைங்க, ஆறினதும் மெதுவா எடுத்தா வரிசையா குழி. மேல மெல்லிசா தண்ணி ஊத்துங்க. இப்ப பண்டுங் கலக்கற ரோஸ் சிரப்ப ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சுல எடுத்து தண்ணிக்குள்ள இருக்கற குழியில சொட்டு சொட்டா விடச் சொல்லுங்க. சிரப் கனமா இருக்கறதால குழிக்குள்ள இறங்கி உக்காரும். லேப்ல டிஎன்ஏவோட கிளிசரால் கலந்த நீலச் சாயம் சேக்கறதும் இதே காரணத்துக்குத்தான். கை நடுங்கற பிள்ளை முழங்கைய மேசையில ஊனிக்கணும், இன்னொரு கையால சிரிஞ்சோட கழுத்த தாங்கிப் பிடிக்கணும். ரெண்டு நாள் இத செஞ்சாலே போதும், லேபுக்கு போறப்ப கை பழகி இருக்கும்.

பைப்பெட்ட பத்தி ஒன்னே ஒன்னு சொல்லி அனுப்புங்க, அதுல ரெண்டு நிறுத்தம் இருக்கும். எடுக்கும்போது முதல் நிறுத்தம் வரைக்கும் அழுத்திட்டு திரவத்துல விட்டு மெதுவா கைய எடுக்கணும், விடும்போது ரெண்டாவது நிறுத்தம் வரைக்கும் அழுத்தணும். நிறைய பேரு எடுக்கும்போதே ரெண்டாவது வரைக்கும் அழுத்திடுவாங்க, அளவு கூடிப்போயிடும். 20 மைக்ரோலிட்டர்னா ஒரு சொட்டுல பாதி கூட வராது. அத ஒரு தடவ சொல்லிட்டா பிள்ளைங்க மூச்ச பிடிச்சுட்டு செய்வாங்க.

இப்ப அந்த ரெண்டாவது குரூப்புக்கு வேலைன்னு சொன்னேனே, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான் டீச்சர். உங்க பிள்ளைங்கள சுத்தி இருக்கறது செம்பனை. இந்த நாட்டுல முதல்முதலா வியாபாரத்துக்காக செம்பனை நட்டது 1917ல, நம்ம கோல சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்துல, நட்டது ஹென்றி ஃபோகோனியேங்கற பிரெஞ்சுக்காரர். செம்பனை மரபியலப் படிக்க உங்க பிள்ளைங்க எங்கயும் போக வேணாம். அப்பாங்ககிட்ட சொல்லி வேற வேற மரத்து உதிரிப்பழம் கொஞ்சம் கொண்டு வரச் சொல்லுங்க, எந்த மரம்னு எழுதி வைங்க. பெரியவங்க யாராவது கூட நின்னு நல்ல கத்தியால குறுக்க வெட்டணும், கொட்டையும் சேத்து. நடுவுல பருப்பு, அத சுத்தி கறுப்பு ஓடு, வெளியில எண்ணெய் இருக்கற மஞ்சள் சதை. ஓடு தடிமனா இருந்தா டூரா. ஓடு மெல்லிசா, அத சுத்தி சதைக்குள்ள கறுப்பு நார் புள்ளி புள்ளியா வட்டமா தெரிஞ்சா தெனேரா. ஓடே இல்லன்னா பிசிஃபெரா, அது தோட்டத்துல கிடைக்கறது அபூர்வம், ஏன்னா அது பெரும்பாலும் பழம் தாங்காம மலடா போயிடும்.

டூராவையும் பிசிஃபெராவையும் சேத்தா வர்றது எல்லாமே தெனேரா. ஓடு மெல்லிசானா சதைக்கு இடம் அதிகம், எண்ணெய் டூராவ விட ஒரு 30 சதவீதம் அதிகமா கிடைக்கும். 1960களுக்கு அப்புறம் நம்ம தோட்டங்கள்ல தெனேராவாவே நட்டது இதனாலதான். இது ஒரே ஒரு ஜீன் வேலைன்னு 1941லயே காங்கோவுல இருந்த பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் எழுதிட்டாங்க. அந்த ஜீன் எதுன்னு கண்டுபிடிச்சு 2013ல நேச்சர் இதழ்ல போட்டது நம்ம மலேசிய செம்பனை வாரியமும் கூட வேலை செஞ்சவங்களும், வாரியம் பாங்கியில இருக்கு. பிள்ளைங்களுக்கு இத சொல்லுங்க, நோபல் பரிசு கதைய விட இது அவங்களுக்கு கிட்டத்துல இருக்கற கதை.

இங்க ஒரு இடத்துல நிறைய பேரு சறுக்குவாங்க, பாடம் எடுக்கறவங்களும் சேத்துதான். ஓடு அம்மா மரத்தோட உடம்பு. உள்ள இருக்கற பருப்புதான் அடுத்த தலைமுறை. அதனால ஒரு மரத்துல எந்தப் பழத்த வெட்டினாலும் ஓடு ஒரே வகையாத்தான் இருக்கும், மகரந்தம் எங்க இருந்து வந்திருந்தாலும் சரி. ஒரே குலையில பாதி டூரா பாதி தெனேரா இருக்கும்னு பிள்ளைங்க எதிர்பாப்பாங்க, இருக்காது, ஏன் இருக்காதுங்கறதுதான் நல்ல கேள்வி. அடுத்த கேள்வி இன்னும் நல்லது. ஒருத்தர் காச மிச்சம் பண்ண தெனேரா தோட்டத்து உதிரிப்பழத்துல நாத்து போட்டு ஒரு ஏக்கர் நட்டுட்டாரு. என்ன ஆகும்? தெனேராவும் தெனேராவும் சேந்தது, அதனால நாலுல ஒன்னு டூரா, ரெண்டு தெனேரா, ஒன்னு பிசிஃபெரா. காய்க்க மூணு வருசம் ஆகும், அது வரைக்கும் அவருக்கு ஒன்னும் தெரியாது, உரம் போட்டுட்டே இருப்பாரு, கடைசியில நாலுல ஒரு மரம் ஒழுங்கா காய்க்காது. மெண்டலோட 1:2:1 கணக்க பட்டாணிய வச்சு சொன்னா பரீட்சைக்கு எழுதுவாங்க, இந்த ஏக்கர வச்சு சொன்னா வீட்டுல போய் சொல்லுவாங்க. நாத்தோட ஒரு இலைத்துண்டுல டிஎன்ஏ எடுத்து பிசிஆர் பண்ணி ஜெல்லுல பாத்தா அந்த மூணு வருசம் காத்திருக்கவே வேணாம், நாத்துலயே தெரிஞ்சிடும். பழத்த வெட்டிட்டு வந்த பிள்ளை லேப்ல ஜெல் கோட்ட பாக்கும்போது அது எதுக்குன்னு தெரிஞ்சு பாக்கும்.

திசு வளர்ப்பு பத்தி யாராவது கேட்டா இதையும் சொல்லுங்க. நல்ல மரத்துல இருந்து திசு எடுத்து லேப்ல வளத்த செம்பனையில சிலது காய் உருமாறி, சுத்தி தடிச்ச மடல் மாதிரி வந்து, எண்ணெய் இல்லாம போச்சு, பல வருசம் காரணம் தெரியல. 2015ல கண்டுபிடிச்சாங்க, டிஎன்ஏ எழுத்து மாறவே இல்ல, எழுத்து மேல இருக்கற மெத்தில் குறி ஒரு இடத்துல அழிஞ்சு போயிருந்தது. அந்த இடத்துல இருக்கற டிஎன்ஏ துண்டுக்கு பேரு கர்மா. குறி இருந்தா நல்ல கர்மா, அழிஞ்சிருந்தா கெட்ட கர்மான்னு ஆராய்ச்சியாளர்களே பேரு வச்சிருக்காங்க. நம்ம பிள்ளைங்க இத மறக்கவே மாட்டாங்க.

பாதுகாப்பு விஷயம் வேகமா சொல்லிடறேன். மூடின காலணி, முடிய கட்டணும், லேபுக்குள்ள சாப்பாடு தண்ணி கூடாது, போன் பையிலயே இருக்கட்டும். ஜெல்லுக்கு என்ன சாயம் போடறீங்கன்னு கேளுங்க, எத்திடியம் புரோமைடுன்னு சொன்னா பிள்ளைங்களுக்கு வேற சாயம் கொடுங்கன்னு சொல்லுங்க, பாதுகாப்பான சாயங்கள் இருக்கு, எந்த நல்ல லேபும் ஒத்துக்கும். யூவி விளக்க கண்ணுக்கு நேரா பாக்கக்கூடாது. பெற்றோர் கையெழுத்து போட்ட கடிதம், பிபிடி (மாவட்டக் கல்வி அலுவலகம்) அனுமதி ரெண்டையும் கடைசி நேரத்துக்கு விடாதீங்க.

இன்னொன்னு, இதுல நான் கறாரா இருப்பேன். பிள்ளைங்க கன்னத்துல தேச்சு அவங்க சொந்த டிஎன்ஏவ எடுத்து அப்பா அம்மாவோட ஒப்பிடற மாதிரி ஏதாவது சொன்னாங்கன்னா வேணாம்னு சொல்லிடுங்க. 36 குடும்பத்துல எந்தக் குடும்பத்துல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது, வகுப்பு முன்னாடி ஒரு பிள்ளைக்கு அது தெரியவரக் கூடாது. வாழைப்பழம் இருக்கு, செம்பனை இருக்கு, வைரஸ் இருக்கு, அது போதும்.

மொழிய பத்தியும் கவலைப்பட்டிருந்தீங்க. லேப்ல இங்கிலீஷ், மலாய் கலந்துதான் பேசுவாங்க, நம்ம பிள்ளைங்க புரிஞ்சாலும் வாய் திறக்க மாட்டாங்க. ஒரு 15 வார்த்தைய மூணு மொழியிலயும் எழுதி ஒரு தாள் கொடுங்க. லேப்ல சோடி சோடியா இருக்கும்போது தமிழ்ல பேசிக்கட்டும், தடுக்காதீங்க, ஒருத்தருக்கொருத்தர் தமிழ்ல விளக்கிட்டு அப்புறம் சாருகிட்ட மலாய்ல கேக்கற பிள்ளைங்கதான் நல்ல கேள்வி கேக்கறத நான் பாத்திருக்கேன்.

பஸ் காசு சேரலன்னா விட்டுடாதீங்க. முதல்ல நம்ம ஊருலயே இருக்கற யூனிசெல் (சிலாங்கூர் பல்கலைக்கழகம்) வளாகத்துல கேட்டுப் பாருங்க, தூரம் இல்ல. அதுவும் அமையலன்னா பக்கத்து செம்பனை ஆலை லேப்ல அனுமதி கேளுங்க. அங்க தினம் எண்ணெயில ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் எவ்வளவுன்னு பாப்பாங்க. பழம் அடிபட்டா உள்ள இருக்கற லைபேஸ் என்சைம் எண்ணெய உடைக்க ஆரம்பிச்சிடும், அமிலம் ஏறும். குலைய சீக்கிரமா ஆலைக்கு அனுப்பி நீராவியில வேக வைக்கறது அந்த என்சைம நிறுத்தத்தான். குலை அடிபட்டதுக்கும் லேட்டானதுக்கும் அப்பா வாங்கின திட்டு பிள்ளைங்களுக்கு ஏற்கனவே தெரியும், என்சைம் பாடம் அங்க இருந்து ஆரம்பிக்கட்டும்.

கடைசியா, தமிழ்ப்பள்ளி 5, 6ஆம் ஆண்டு பிள்ளைங்களுக்கும் ஏதாவது உண்டான்னு கேட்டிருந்தீங்க. உண்டு, லேபே வேணாம். ஒரு வாழைப்பழத்த பிளாஸ்டிக் பையில போட்டு நல்லா பிசையச் சொல்லுங்க, அரை கிளாஸ் தண்ணியில ஒரு கரண்டி பாத்திரம் கழுவற திரவம், கால் கரண்டி உப்பு கலந்து அதுல ஊத்தி நுரை வராம மெதுவா கலக்கணும், காப்பி வடிகட்டற துணியில வடிக்கணும். சோப்பு செல்லோட சவ்வ கரைக்கும், உப்பு டிஎன்ஏவ ஒட்டிக்க விடும். வடிச்சத கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி, அதே அளவு ஆல்கஹால ஓரமா சரிச்சு மெதுவா விடணும். பார்மசியில கிடைக்கறதுல சதவீதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, முந்தின நாள் ராத்திரியே பிரீசர்ல வச்சிடுங்க, நம்ம ஊரு சூட்டுக்கு ஐஸ் பெட்டியில எடுத்துட்டுப் போனாத்தான் குளிர்ச்சி நிக்கும். அடுப்பு, தீக்குச்சி எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. ரெண்டு மூணு நிமிசத்துல நடுவுல வெள்ளையா நூல் நூலா எழும்பி வரும். அது முழுக்க டிஎன்ஏ இல்ல, பெக்டின், புரதமெல்லாம் சேந்துதான் இருக்கும், பிள்ளைங்ககிட்ட அதையும் சொல்லிடுங்க. சாத்தே குச்சிய உள்ள விட்டு ஒரே பக்கமா மெதுவா சுத்தச் சொல்லுங்க, வேகமா சுத்தினா அறுந்துடும், மெதுவா சுத்தினா நூல் குச்சியில ஏறி வரும்.